வண்டுவைப் பார்த்த ஐம்பது நிமிடம்

அந்த முதியோர் இல்லத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டாம் மாடியில் கொண்டுபோய் விட்டார்கள். அதிலிருந்து அவள் 'ரெண்டாம் மாடி' ஆகிவிட்டாள். "ரெண்டாம் மாடி சாப்பிட்டாச்சா?" "ரெண்டாம் மாடிக்குக் காய்ச்சலாம், இன்னிக்கு வரலை." புதிதாகக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்குப் பழகிவிட்டது. அந்த மாடியில் இருபத்திரண்டு கட்டில்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, விரிப்பு மாற்றி, ஊட்ட வேண்டியவர்களுக்கு ஊட்டி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். ஏழாம் கட்டில்காரர் ஒரு காலத்தில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். அவள் உள்ளே நுழைந்தால் போதும், "எந்த ஊருக்கு? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பார். அவளும் தினம் ஒரு ஊர் சொல்வாள்.

அங்கே வருவதற்கு முன் அவள் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து வரும் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குகிற வேலை. கணவன் அதே கட்டடத்தில் தையல் மெஷின் மெக்கானிக். எந்த மெஷின் நின்றாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். ஆர்டர் குறைந்து ஒரு ஷிஃப்டை மூடியபோது செக்கிங் மேசையில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அவளும் அதில் ஒருத்தி. வெளிநாட்டில் முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினாள். அப்போது மகளுக்குப் பதினோரு மாதம்.

மகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் நல்லதாக ஒரு பெயர் இருந்தது. ஆனால் ஆறாம் மாதத்திலிருந்தே வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருப்பாள். விளையாடும்போதும் முனகல், தூங்கப்போகும்போதும் முனகல். "வீட்டுக்குள்ள வண்டு புகுந்துடுச்சு" என்றான் கணவன். வண்டு என்பதே நிலைத்துவிட்டது.

கணவன் வேலைக்குப் போகிற நேரத்தில் வண்டுவைப் பார்த்துக்கொண்டது அவனுடைய அக்கா, அடுத்த தெருக்காரி. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அந்தக் கணக்கில், பிள்ளை வளர்ப்பில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது நாத்தனாரின் முடிவு.

வெளிநாட்டிலிருந்து அவள் தினமும் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் வீட்டுக்கு வீடியோவில் கூப்பிடுவாள். முதல் ஒரு மாதம் வண்டு போனை வாங்கி நக்கினாள். பிறகு அதுவும் இல்லை. அவள் கை தட்டுவாள், பூனை மாதிரி கத்துவாள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடுவாள். வண்டு திரும்பவே மாட்டாள். தொழிற்சாலையிலிருந்து அப்பா எடுத்துவந்து கொட்டிய, நூல் தீர்ந்த காலி பாபின்களைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருப்பாள். வற்புறுத்தி முகத்துக்கு நேரே போனைப் பிடித்தால், போனைத் தாண்டி எங்கோ பார்ப்பாள்.

"கோவம்தான். வேற என்ன?" என்றாள் நாத்தனார், போனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "பால் மறக்காத குழந்தையை விட்டுட்டுப் போனா எந்தப் பிள்ளைக்குத்தான் கோவம் வராது? உன்னைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்குது பாரு."

"ஆமாக்கா" என்றாள் அவள். அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

சில மாதங்களுக்குப் பிறகு அவள் கணவனிடம் சொன்னாள்: "இனிமே அவ முகத்துக்கு நேரா போனைக் காட்டாதீங்க. பின்னாடி இருந்து காட்டுங்க. நான் சும்மா பாத்துக்கறேன்."

அதன் பிறகு அவள் பார்த்ததெல்லாம் மகளின் பின்தலையைத்தான். சுழி எந்தப் பக்கம், எந்த இடத்தில் முடி குறைவு, எந்தக் காதின் பின்னால் கொசு கடித்திருக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அழுகை வந்தது முதல் சில வாரங்கள்தான். பிறகு அதுவும் நின்றுபோய், கை கழுவுவது மாதிரி அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது அந்தப் பத்து நிமிடம்.

வண்டுவுக்கு இரண்டு வயது முடிந்ததும் தடுப்பூசிக்காகச் சுகாதார நிலையத்துக்குக் கணவன் தூக்கிக்கொண்டு போனான். ஊசி போட்ட நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டாள்.

"ஏதாவது வேணும்னா விரல் நீட்டிக் காட்டுவாளா?"

"காட்ட வேண்டிய தேவையே இல்ல சிஸ்டர். அவளுக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியும்."

"அது சரி. அவ காட்டுவாளா?"

கணவன் கொஞ்சம் யோசித்துவிட்டு "இல்ல" என்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாளா என்று கேட்டதற்கு, "தரையில தட்டிக் கூப்பிட்டா திரும்புவா" என்றான். நர்ஸ் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். இதைச் சிறப்பு மருத்துவமனையில்தான் காட்ட வேண்டும், அது பத்து மணி நேரப் பயணம், அங்கே நேரில் பார்க்கக் காத்திருப்பு ஒரு வருடத்துக்குக் கிட்ட. ஆனால் வீட்டில் இருந்தபடியே வீடியோவில் டாக்டர் பார்க்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அது ஐந்தாறு வாரத்தில் கிடைக்கும் என்றாள்.

இதை மனைவியிடம் சொல்ல அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது.

"என்னைப் பிடிக்கலைங்கறதுக்கு டாக்டர் எதுக்குங்க?" என்று கேட்டாள் அவள்.

"உன்னை மட்டும் இல்ல" என்றான் அவன். "நீயும் சேர்ந்துக்கணுமாம். பதினோரு மாசம் வரைக்கும் நடந்தது எல்லாம் அம்மாகிட்டதான் கேப்பாங்களாம்."

வீடியோவில் பார்க்கும் தேதிக்கு முந்தின நாள் மருத்துவமனையிலிருந்து ஒருவர் கணவனைக் கூப்பிட்டு, என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று சொன்னார். ஒரு பந்து. ஒரு பொம்மை. ஒரு ஸ்பூன், ஒரு கிண்ணம். ஊதினால் சோப்புக் குமிழி வருகிற குப்பி. முகத்தை மூடி விளையாட ஒரு துண்டு. வண்டுவுக்குப் பிடித்த தின்பண்டத்தைப் போட்டு, அவளால் திறக்க முடியாதபடி இறுக மூடிய ஒரு டப்பா. டிவி ஓடக் கூடாது, வேறு யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையில் நாத்தனாருக்கு மனத்தாங்கல். "வளர்க்கறது நான், பாக்கறதுக்கு மட்டும் நான் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, அன்று மதியமே தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போனை நிறுத்திவைக்கக் கணவன் ஒரு ஸ்டாண்டு செய்திருந்தான். கழித்துப்போட்ட மெஷினின் நூல் ஸ்டாண்டு, அதன் தலையில் ஒரு கிளிப். இழுத்துப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பிவைத்தான். அவள் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்.

டாக்டர் குறித்த நேரம் வீட்டில் மதியம் மூன்று, அவளுக்குப் பன்னிரண்டரை. இடைவேளை முக்கால் மணி நேரம்தான். முதல் மாடியில் வேலை செய்கிறவளிடம் சொல்லி, ஒன்றரை மணி நேரம் தன் கட்டில்களையும் பார்த்துக்கொள்ளக் கேட்டிருந்தாள். "அதுக்கு நீ துணி அறையில இருக்கற மூட்டையை மடிச்சுடு" என்றாள் முதல் மாடிக்காரி. நியாயம்தான். துணி அறை என்பது ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. மூன்று பக்கமும் அலமாரி, நடுவில் ஒரு மேசை. சலவையிலிருந்து வந்த தலையணை உறைகளை மேசைமேல் கொட்டி, போனை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தாள்.

திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் வீடு. ஒன்றில் அவள். ஒன்றில் டாக்டர்: முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண், மூக்கு சிவந்து சளிப் பிடித்திருந்தாள். தும்மல் வரும்போதெல்லாம் தன் பக்கத்துச் சத்தத்தை அணைத்துவிட்டுத் தும்மினாள்.

"இது நேர்ல பாக்கற மாதிரி முழுசா இருக்காது" என்றாள் டாக்டர். "பாத்தது போதலைன்னா போதலைன்னு சொல்லி நேர்ல வரச் சொல்லிடுவேன். தெளிவா இருந்தா இன்னிக்கே சொல்லிடுவேன். சரியாப்பா? சரியாம்மா?"

இருவரும் தலையாட்டினார்கள்.

"அம்மா, முதல்ல விளையாட்டு. அது முடியற வரைக்கும் உங்க கேமராவையும் மைக்கையும் அணைச்சுடுங்க. உங்க முகத்தைப் பாத்தோ குரலைக் கேட்டோ குழந்தையோட கவனம் சிதறிடக் கூடாது."

"சரிங்க" என்று அவள் அணைத்தாள். அப்படியெல்லாம் சிதறாது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. அவளுடைய கட்டம் கறுப்பாகிவிட்டது.

போன் ஆடாமல் நின்றது. பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவள் தன் வீட்டு அறை முழுவதையும் ஒன்றாகப் பார்த்தாள். வழக்கமாக நாத்தனார் கையிலோ கணவன் கையிலோ இருக்கும் போன், கூரையையும் மின்விசிறியையும்தான் பாதி நேரம் காட்டும். இப்போது சுவரோரம் மடித்துவைத்த பாய், கதவுக்குப் பின்னால் தொங்கும் அவனுடைய வேலைச் சட்டை, ஜன்னல் கம்பியில் காயும் இரண்டு சின்ன ஜட்டிகள், எல்லாம் தெரிந்தன. நடுவில் வண்டு. முன்பக்கம். பின்தலை மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு, யாரோ உறவுக்காரக் குழந்தையைப் பார்ப்பது போலிருந்தது. மேல்வரிசையில் பற்கள் எல்லாம் வந்திருந்தன.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா. பக்கத்துல போகாம."

"வண்டு" என்றான் கணவன். வண்டு பாபின்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வண்டும்மா." பிறகு சான்றிதழில் இருக்கிற பெயரையும் சொல்லிப் பார்த்தான். அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. வண்டு திரும்பவில்லை. அவனுடைய வலதுகை தானாகத் தரைக்குப் போய் இரண்டு முறை தட்டியது. வண்டு தலையைத் தூக்கினாள்.

"தட்டாம கூப்பிடுங்கப்பா."

"பழக்கம் டாக்டர். மன்னிச்சுக்குங்க."

அவன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான். டாக்டர் எதையோ எழுதினாள். அவள் துணி அறையில் தலையணை உறையை நாலாக மடித்து, ஓரத்தை ஒத்து அழுத்தி, அடுக்கின்மேல் வைத்தாள்.

குமிழி ஊதியதும் வண்டுவுக்குப் பரவசம். கைகளை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முனகல் உச்சத்துக்கு ஏறியது. "இப்ப ஊதறதை நிறுத்திட்டு, குப்பியைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள் டாக்டர். "அவ என்ன செய்யறான்னு பாக்கலாம். நீங்க ஒண்ணும் செய்யாதீங்க."

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கணவனுக்குப் பெரிய பாடாக இருந்தது. வாழ்நாளில் ஒரு மெஷின் நின்றுபோனால் பார்த்துக்கொண்டு நின்றவன் இல்லை அவன். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்தக் கையை அப்படியே குப்பிமேல் கொண்டுபோய் வைத்தாள், இடுக்கியை எடுத்து ஆணிமேல் வைப்பது மாதிரி. டப்பாவைக் கொடுத்தபோதும் அதேதான். உள்ளே உலர்ந்த திராட்சை. குலுக்கினாள், கடித்தாள், அப்பாவின் கையை எடுத்து மூடியில் வைத்தாள். கண்ணை மட்டும் நிமிர்த்தவே இல்லை.

துண்டால் முகத்தை மூடி அவன் "எங்க அப்பா? அப்பா எங்க?" என்றான். வண்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். துண்டுக்குள் அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான். குழந்தை போய்விட்டது அவனுக்குத் தெரியவில்லை. "போதும்பா, எடுத்துடுங்க" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னாள்.

அப்போது துணி அறைக் கதவைத் திறந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ரெண்டாம் மாடி, பெரிய விரிப்பு நாலு இருக்கா?" அவள் எழுந்து, எண்ணி, நான்கு விரிப்பு எடுத்துக்கொடுத்தாள். திரும்பி வரும்போது வண்டு ஸ்பூனைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மை ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. மேசையில் எழுபத்தாறு உறைகள்.

"அம்மா, இப்ப நீங்க வாங்க."

அவள் கேமராவைப் போட்டாள். டாக்டர் பழைய கதையைக் கேட்டாள். தலை எப்போது நின்றது, எப்போது உட்கார்ந்தாள், தூக்கச் சொல்லிக் கை நீட்டுவாளா, நீங்கள் சிரித்தால் சிரிப்பாளா. அவள் தெரிந்ததைச் சொன்னாள்.

"பால் கொடுக்கும்போது உங்க முகத்தைப் பாப்பாளா?"

"பாப்பா" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்தான்னுதான் நினைக்கறேன்" என்றாள். அவளுக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. மடியில் குழந்தை, குழந்தையின் கண் எப்போதும் அவளுடைய தோளுக்கு மேலே, ஜன்னல் கம்பிகளில். வெளிச்சம் பிடிக்கும்போல என்று அப்போது நினைத்திருந்தாள். நாளொன்றுக்கு நானூறு சட்டையில் தையல் பிசகு கண்டுபிடித்தவள்.

"இல்லைங்க. ஜன்னலைத்தான் பாப்பா."

டாக்டர் பத்து நிமிடம் அவகாசம் கேட்டு, எழுந்து போய்விட்டு வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். இன்று பார்த்ததும் நீங்கள் சொன்னதும் சேர்த்து, சந்தேகம் இல்லாமல் சொல்லலாம்: குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறது. இது யாருடைய வளர்ப்பினாலும் வந்ததில்லை. மருந்தில் போகிறதும் இல்லை. ஆனால் இந்த வயதிலேயே தெரிந்தது நல்லது, செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. காது கேட்கிறதா என்று ஒரு பரிசோதனை உள்ளூரிலேயே செய்துவிட வேண்டும். வாரம் ஒருநாள் இதே மாதிரி வீடியோவில் ஒரு பயிற்சியாளர் வருவார்.

கணவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு, போனைப் பார்க்காமல், கீழே பார்த்துக்கொண்டு கேட்டான்: "அவங்க அம்மா விட்டுட்டுப் போனதால இருக்குமா டாக்டர்?"

அவள் தலையணை உறை ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். அவன் அதைக் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கோபம் வரவில்லை. பதினான்கு மாதமாக அவளே கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவன் கேட்டான்.

"இல்லப்பா" என்றாள் டாக்டர். "அம்மா கூடவே இருந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பா."

"அப்ப, அம்மா மேல கோவம் எல்லாம்..."

"கோவம் இல்ல. மூஞ்சியைப் பாக்கறது அவளுக்கு நமக்கு மாதிரி தானா வரலை. யார் மூஞ்சியா இருந்தாலும்."

கணவன் இடதுகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். டாக்டர் அவளைக் கேட்டாள். "அம்மா, நீங்க ஏதாவது கேக்கணுமா?"

"இல்லைங்க."

"இன்னிக்குக் கேக்கத் தோணாது. பரவால்ல. அடுத்த வாரம் கேளுங்க."

"சரிங்க."

கட்டங்கள் அணைந்தன. மணி இரண்டு. மடித்த உறைகளை அலமாரியில் ஏற்றிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனாள்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. லிஃப்டுக்குள் வண்டியோடு நின்றபோது, மார்மீது வைத்திருந்த ஒரு பாரத்தை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது: என் குழந்தைக்கு என்மேல் வெறுப்பு இல்லை. லிஃப்டு முதல் மாடியைத் தாண்டுவதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது: வெறுப்பு இல்லை, நான் போனதே அவளுக்குத் தெரிந்திருக்காது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. கதவு திறந்தது.

"எந்த ஊருக்கு? ஒண்ணா, ரெண்டா?" என்றார் ஏழாம் கட்டில்காரர்.

அவளுக்கு எந்த ஊரும் வாயில் வரவில்லை. "தெரியலைங்க" என்றாள்.

"தெரியலைன்னா வரிசையை விட்டு நகருங்க. பின்னாடி ஆள் நிக்குது."

அவள் நகர்ந்து எட்டாம் கட்டிலுக்குப் போனாள். அன்று பதினொரு பேருக்கு விரிப்பு மாற்றினாள். மாலை உணவு ஊட்டினாள், இரண்டு பேருக்கு நகம் வெட்டினாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. சூப்பர்வைசர் கடந்து போகையில் "என்ன, குழந்தைக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "பாத்துட்டாங்க மேடம்" என்றாள் அவள்.

மறுநாள் நாத்தனார் கூப்பிட்டாள். "அரை மணி நேரம் போன்ல பாத்துட்டு இப்படி ஒரு பேரை வெச்சுட்டாங்களே. உன் புருஷனே நாலு வயசு வரைக்கும் வாயைத் திறக்கலை, இப்ப மூடவா செய்யறான்? இதெல்லாம் காதுல போட்டுக்காத."

"ஐம்பது நிமிஷம்கா" என்றாள் அவள்.

"என்னது?"

"ஐம்பது நிமிஷம் பாத்தாங்க."

நாத்தனார் அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தினாள். பிறகு, "நான்தான் உன்கிட்ட கோவம் கோவம்னு சொல்லிட்டே இருந்தேன்" என்றாள். "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள் அவள்.

வாரம் ஒருநாள் பயிற்சி தொடங்கியது. பயிற்சியாளர் வாய் ஓயாமல் பேசும் இளைஞன். கணவனுக்கு அவன் முதலில் கற்றுக்கொடுத்தது காத்திருப்பது. வண்டு கையைப் பிடித்து இழுத்தால் உடனே செய்துகொடுக்கக் கூடாது. மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். "நீங்க ரொம்ப வேகமான மெக்கானிக் சார்" என்று அவன் சொன்னபோது கணவன் சிரித்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவள் கேட்ட சிரிப்பு அது. முடிந்த நாட்களில் அவளும் துணி அறையிலிருந்து சேர்ந்துகொண்டாள், கறுப்புக் கட்டமாக.

ஒருநாள் பயிற்சியாளன் கேட்டான்: "அம்மா, நீங்க கூப்பிடும்போது என்ன செய்வீங்க?"

கைதட்டலையும் பூனையையும் துண்டையும் அவள் சொன்னாள்.

"அதெல்லாம் உங்களைப் பாருன்னு அவகிட்ட கேக்கறது. கொஞ்ச நாள் எதுவும் கேக்காதீங்க. அவ என்ன செய்யறாளோ அதையே நீங்களும் செய்யுங்க, போதும்."

அவள் செய்தாள். வண்டு முனகினால் அவளும் முனகினாள். ஜன்னல் இல்லாத அறையில் தனியாக உட்கார்ந்து ம்ம்ம் என்று அவள் முனகுவதைக் கேட்டு முதல் மாடிக்காரி கதவைத் திறந்து, "வயித்து வலியா?" என்றாள். "இல்ல, பொண்ணுகூடப் பேசிட்டிருக்கேன்" என்றாள் அவள். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம், அவள் முனகத் தொடங்கியதும் வண்டு தன் முனகலை நிறுத்தினாள். அவளும் நிறுத்தினாள். வண்டு பாபினைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு ஒரு சின்ன ம்ம். அவளும் ஒரு சின்ன ம்ம். இது ஆறேழு தடவை போனது. பிறகு வண்டு பாபின் அடுக்கப் போய்விட்டாள்.

"பாத்தியா? பாத்தியா?" என்றான் கணவன்.

"பாத்தேன்" என்றாள் அவள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கிருந்து எடுப்பதென்று தெரியவில்லை. இடைவேளை முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது, துண்டுகளை மடித்தாள்.

ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு வர முடியாது என்றார்கள். மீதமிருந்த ஒன்பது மாதத்தையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். கணவன் வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டான். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வண்டு அவளுடைய கால்களுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக நுழைந்து வாசலுக்குப் போய், கேட்டின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படித்தான் இருக்கும் என்று பயிற்சியாளன் முன்பே சொல்லியிருந்தான். அவளும் தயாராகத்தான் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், வண்டுவுக்குப் பக்கத்தில் நின்று, அவளும் கம்பிகளைப் பார்த்தாள். நிறைய கம்பிகள். கதவில் பதினாறு, பக்கத்தில் ஒன்பது.

இப்போது அவள் ஒரு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் காலை வேலை பார்க்கிறாள். வண்டு வாரத்தில் மூன்று நாள் ஒரு சிறப்பு வகுப்புக்குப் போகிறாள். நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தா, போ, லைட்டு, மற்றது யாருக்கும் புரியாத ஒன்று. அம்மா என்பது அவற்றில் இல்லை. தூங்கப்போகும்போது மட்டும் அம்மாவின் முழங்கையின் உள்பக்கத் தோலைப் பிடித்துக்கொள்கிறாள். அது வண்டுவுக்கு வேண்டியிருக்கிறது என்றுதான் அவளும் எடுத்துக்கொள்கிறாள். அதற்கு மேல் எதுவும் எண்ணிக்கொள்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வண்டு தூங்கிய பிறகு, கணவன் பாயில் சாய்ந்தபடி கேட்டான். "அன்னிக்கு டாக்டர் சொன்னப்ப நீ ஒண்ணுமே பேசலையே. என்ன நினைச்ச?"

லிஃப்டைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தாள். வாய்வரை வந்தது.

"பசிச்சுது" என்றாள். "அன்னிக்கு மதியம் நான் சாப்பிடலை."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நானும்தான்" என்றான்.